மூன்று அங்கங்கள், ஒரு கோழிக்குஞ்சு

மரிக்கினா நகரத்துப் பெருமக்களுக்கும், அவர்கள் வாயிலாக ஏனைய மனித குலத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நெடுங்காலமாக இப்பிலிப்பைன்ஸ் நாட்டில் உறங்கிக் கிடந்த பயம் என்னும் பெருங்கலை, வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மேமோங் ஈமச்சடங்கு நிலையத்தின் இரண்டாம் கூடத்தில் கண்விழிக்கிறது. 'மூடாத பெட்டி': மூன்று அங்கங்களில் ஒரு பேரச்சம். எழுத்து, ஓவியம், இயக்கம்: அனிசெட்டோ மக்கராய்க். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் சொந்தப் பொறுப்பில் வரவும்.

இந்த அறிவிப்பை ஆறடிப் பலகையில் தன் கையாலேயே எழுதி, பன்றிக்கறிக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவிலிருந்த சுவரில் மாட்டிவிட்டு, சேட்டோ நாலடி பின்னால் போய் நின்று பார்த்தான். அனிசெட்டோ என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். சேட்டோ என்பது ஊர் கூப்பிடுவது. ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. உறைந்த ரத்தம், உறையப்போகிற ரத்தம், இப்போதுதான் வந்த ரத்தம் என்று மூன்று வகைச் சிவப்பைத் தரம் பிரித்துத் தீட்டியிருந்தான்.

கறிக்கடைக்காரி கத்தியைத் துடைத்தபடி வெளியே வந்து பலகையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது எனக்குத்தான விளம்பரம்?"

"நாடகத்துக்கு."

"ரத்தம் நல்லா ஃபிரெஷ்ஷா இருக்கு, அதான் கேட்டேன்."

சேட்டோவின் ஓவியத்தை விலை கொடுத்து வாங்கிய ஒரே ரசிகை அவள்தான். இடுப்போடு கழன்று, மேல்பாதி மட்டும் சிறகடித்துப் பறக்கிற மனனங்கால் பேய்ப்பெண்ணை அவன் ஒருமுறை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தான். தொங்குகிற குடலைக் கண்டு பெரியவர்களே அலறவேண்டும் என்பது அவன் எண்ணம். அவள் அதைக் கடைக்குள் தராசுக்கு மேலே மாட்டியிருந்தாள். வருகிறவர்கள் படத்தைக் காட்டி, "அந்த மாதிரி அரைக் கிலோ" என்று கேட்கிறார்களாம்.

இருபது வருடமாகச் சேட்டோ ஒரே ஒரு மனிதரையாவது பயமுறுத்திவிட வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்தான். பேய்க்கதைப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் போட்டான், புத்தகங்கள் நின்றுபோயின. கல்லறைத் திருநாள் சந்தைகளில் பேய்வீட்டுக்குத் திரைச்சீலை தீட்டினான். காதலர்கள் இருட்டுக்காக உள்ளே போனார்கள், சீலையை யாரும் பார்க்கவில்லை. இதற்கு முன் ஏழு நாடகம் எழுதினான். ஐந்து பெட்டியில் இருக்கின்றன. மேடையேறிய இரண்டில் ஒன்றில் பேய் வரும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. இன்னொன்றை, 'வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறார்' என்று ஒரு பத்திரிகை பாராட்டிவிட்டது. அந்தப் பாராட்டை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது வயது நாற்பத்தொன்று. உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. சாப்பிடும்போது எழுந்துபோய் ஜன்னலைப் பார்ப்பான், ஜன்னலில் ஒன்றும் இருக்காது, திரும்பி வருவான். தூரிகையின் பின்முனையைக் கடித்துக் கடித்து அவனிடமிருந்த தூரிகைகளெல்லாம் ஒரு சாண் குட்டையாகிவிட்டன.

அவனுடைய அக்கா பெர்பெத்துவா, வீட்டில் பெத்தாங், இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கணவர் மேமோங்குக்குத்தான் அந்த ஈமச்சடங்கு நிலையம். அங்கே பிணங்களுக்கு முகம் எழுதிக்கொண்டிருந்த பெண் துபாய்க்குப் போய், இப்போது அங்கே உயிருள்ள மணப்பெண்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். இடம் மூன்று மாதமாகக் காலி.

"நம்ம குடும்பத்துல தோல் நிறம் கலக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா" என்றாள் பெத்தாங்.

"அக்கா, நான் செத்தவங்களைப் பாத்து உயிரோட இருக்கறவங்க நடுங்கணும்னு இருபது வருஷமா உழைக்கிறேன். நீ அதே கையால அவங்களை அழகாக்கச் சொல்ற."

"ஆமா. யார் நடுங்கினா இதுவரைக்கும்?"

அவன் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தான்.

"சரி, ஒரு பேச்சுக்கு வருவோம்" என்றாள் பெத்தாங் பின்னாலிருந்து. "அத்தான் இரண்டாம் கூடத்தைத் தருவார். நாடகத்தைப் போடு. அந்த விழாக் கமிட்டி ஆள் எவரையோ கூப்பிடணும்ங்கறியே, கூப்பிடு. அவர் உன்னை எடுத்துக்கிட்டா இந்த ஜென்மத்துல நான் இந்த வேலையைப் பத்திப் பேசமாட்டேன். எடுத்துக்கலைன்னா திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்து நிக்கணும்."

"எடுத்துக்குவார்."

"வெள்ளைக் கோட்டு தச்சு வைக்கவா?"

"வேண்டாம்."

அவள் தைத்துவிட்டாள்.

விழாக் கமிட்டி ஆள் என்று பெத்தாங் சொன்னது டாக்டர் எர்மோஹெனெஸை. தேசியப் புதுநாடக விழாவுக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்கிறவர். பாரிஸில் படித்தவர். பயத்தைப் பற்றி நானூறு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போவதே பயமாக இருக்கும். சேட்டோ அவரைத் தொலைபேசியில் பிடித்தபோது, "ஈமச்சடங்கு நிலையத்துல நாடகமா? வெளியை மறுவாசிப்பு செய்யறீங்க" என்றார். சேட்டோவுக்கு அது பாராட்டா வசவா என்று புரியவில்லை. வாடகை இல்லை என்பதால்தான் அந்த இடம் என்று அவன் சொல்லவில்லை.

மேமோங் கூடத்தைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். "நெசமாவே ஒரு கேஸ் வந்துட்டா காலி பண்ணிடணும் மாப்பிள்ளை. முதல் கூடம் புக் ஆயிடுச்சுன்னா இரண்டாவதுதான் எனக்கு வழி."

"ஞாயித்துக்கிழமை வருமா அத்தான்?"

"ஞாயித்துக்கிழமை கம்மி. சனங்க திங்கக்கிழமைதான் சாவாங்க."

அந்த வாரம் முழுக்கச் சேட்டோ தெருவில் நடந்துபோகிற முதியவர்களைக் கவலையோடு பார்த்தான். யாராவது இருமினால் நின்று விசாரித்தான். "உடம்பைப் பாத்துக்குங்க, வெயில்ல அலையாதீங்க" என்றான். சேட்டோவுக்கு எப்போது இவ்வளவு நல்ல மனசு வந்தது என்று ஊர் ஆச்சரியப்பட்டது.

நாடகம் இதுதான். ஒரு செருப்புத் தொழிற்சாலை முதலாளி கொலை செய்யப்பட்டுப் பெட்டியில் கிடக்கிறார். பெட்டி மூட மாட்டேன் என்கிறது. விதவை இரண்டு அங்கத்துக்குப் புலம்புகிறாள். மூன்றாம் அங்கத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்து, பார்வையாளர் பக்கம் விரலை நீட்டி, "நீ" என்கிறது. விளக்கு அணைகிறது. விதவையாக பேக்கரிக்காரி டெலாய். பிணமாக, ஓய்வுபெற்ற ஜீப்னி வண்டி டிரைவர் பாண்டோய். பாண்டோய் ஒவ்வொரு ஒத்திகையிலும் பெட்டிக்குள் காலை வைப்பதற்கு முன், "இது நடிப்பு, இது நடிப்பு, கணக்குல வச்சுக்காதீங்க" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார். கொலையுண்டவர் என்பதால் பெட்டியின் கால்மாட்டுக் கண்ணாடிமேல் ஒரு கோழிக்குஞ்சு. அது கொத்தக் கொத்தக் கொன்றவன் நெஞ்சை ஏதோ கொத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். சேட்டோவுக்கு அந்தக் குஞ்சின்மேல் பெரிய நம்பிக்கை.

பாண்டோயின் முகத்துக்கு மட்டும் நாலு மணிநேரம் எடுத்துக்கொண்டான். கன்னம் உள்வாங்கி, உதடு கருத்து, ஒரு கண் மட்டும் பாதி திறந்து, அழுகலின் பச்சை காதோரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கழுத்துக்கு இறங்கியது. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினான்.

பாண்டோய் பார்த்தார். "எங்க அண்ணன் சாயல் வந்துருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணியிலிருந்து சேட்டோ வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். கறுப்புச் சட்டை, ஆசிரியர் என்றால் கறுப்புதான் என்று வெகுநாள் முன்பே தீர்மானித்து வைத்திருந்தான். அறுபது நாற்காலி போட்டிருந்தது. இரண்டு மணிக்கு நாலு பேர். இரண்டரைக்கு நாலு பேர்தான், அதில் ஒருவர் எழுந்துபோய்விட்டு வேறொருவர் வந்திருந்தார். அப்புறம் தெருவில் போனவர்கள், கதவு திறந்திருப்பதையும், மலர் வளையத்தையும், விளக்குக்கு நடுவே பெட்டியையும் பார்த்துவிட்டு, போகிற போக்கில் உள்ளே வர ஆரம்பித்தார்கள். சாவு நடந்த இடத்தைத் தாண்டிப் போனால் நன்றாகவா இருக்கும்? பெட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, நாற்காலி தேடி உட்கார்ந்தார்கள். ஒரு அம்மாள் சேட்டோவின் கையைப் பிடித்து, "எத்தனை நாளா படுத்திருந்தார்?" என்று கேட்டாள்.

"ஒரு வாரமா ஒத்திகை" என்றான் அவன், வேறெங்கோ பார்த்தபடி.

"பாவம்" என்றாள் அவள்.

பெத்தாங் வேறு, கூடத்தில் ஆள் சேர்ந்தால் கை தானாக ஓடும் பழக்கத்தில், காப்பியும் பிஸ்கட்டும் வறுத்த தர்ப்பூசணி விதையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பின்வரிசையில் நாலு பேர் சீட்டைப் பிரித்துவிட்டார்கள். மூன்று மணிக்கு முப்பத்தேழு பேர். மூன்று ஐந்துக்கு டாக்டர் எர்மோஹெனெஸ் கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சீட்டாட்டத்தையும் விதைத் தோலையும் பார்த்துவிட்டு, "பார்வையாளர்களையே பிரதியாக்கிட்டீங்க" என்று சொல்லி, அதையே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நாடகம் தொடங்கியது. சேட்டோ சுவரோரமாக நின்று மேடையைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தையே பார்த்தான்.

முதல் அங்கத்தில் டெலாய் புலம்பத் தொடங்கியதும், மூன்றாவது வரிசையில் மூன்று பெண்மணிகள் ஜெபமாலையை எடுத்து இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். டெலாய் வசனத்தை விட்டுவிட்டு அவளும் பதில் சொன்னாள். ஜெபம் நடக்கும்போது எப்படி வசனம் பேசுவாள்? பெட்டிக்குள்ளிருந்தும் முணுமுணுப்பாக 'ஆமென்' கேட்டது. பதினொரு நிமிடம். டாக்டரின் முகத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் அங்கத்தில் கோழிக்குஞ்சு பெட்டியிலிருந்து இறங்கித் தர்ப்பூசணி விதையைத் தேடிப் போய்விட்டது. அதைப் பிடித்துத் திரும்ப வைப்பதில் முன்வரிசை முழுவதும் கலந்துகொண்டது. "கொலைதான் போலிருக்கு" என்றது ஒரு குரல். "பொண்டாட்டியப் பாத்தாலே தெரியலையா" என்றது இன்னொன்று. டெலாய் பேக்கரியில் பன் சிறுத்துப்போனதைப் பற்றி மூன்றாவது குரல் ஏதோ சொல்ல, கூடம் சிரித்தது. டாக்டர் கொட்டாவி விட்டார். வாயைப் பட்டுத்துணியால் மறைத்துக்கொண்டுதான் விட்டார். இருந்தாலும் சேட்டோ பார்த்துவிட்டான். வெளியே போனான், உள்ளே வந்தான், மறுபடி வெளியே போனான். முதல் கூடத்தின் கதவில் புதிதாகத் தைத்த வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தான்.

மூன்றாம் அங்கம். விளக்கு பச்சையானது. பாண்டோய் மெல்ல, அங்குலம் அங்குலமாக, அவருடைய முழங்கால்வலி அனுமதித்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்தார். நாலு மணிநேரத்து முகம் வெளிச்சத்துக்கு வந்தது.

"ஐயய்யோ" என்றாள் இரண்டாவது வரிசை அம்மாள். சேட்டோ சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தான். "யாருப்பா இந்த மேக்கப் போட்டது? மனுஷன் எவ்வளவு செவப்பா இருப்பார். இப்படியா அனுப்பறது?"

"காசுக்கேத்த வேலை" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பாண்டோய் கையை நீட்டினார். அந்த விரல் ஒரு காலி நாற்காலியைக் காட்ட வேண்டும் என்பது சேட்டோவின் நுட்பமான ஏற்பாடு. தாமதமாக வந்த முடிவெட்டுக்காரர் அதில் உட்கார்ந்திருந்தார்.

"நீ" என்றது பிணம்.

"நான் மதியம் வரைக்கும் கடையிலதான் இருந்தேன்" என்றார் முடிவெட்டுக்காரர்.

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. விளக்கு அணைந்து திரும்ப வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டு விரலால் உள்ளங்கையைத் தட்டிக் கைதட்டுகிற மாதிரி ஒன்று செய்துவிட்டு, குறிப்பேட்டை மூடினார். அந்த மூடுகிற சத்தத்திலேயே சேட்டோவுக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது.

இருந்தாலும் ஆசிரியர் ஆசிரியர்தான். தலைநகரத்துப் பெரிய நாடகங்களின் முதல் காட்சி முடிந்ததும் ஆசிரியர் வாசலில் நின்று, வந்தவர்களின் கையைப் பிடித்து நன்றி சொல்லி அனுப்புவதை அவன் இருபது வருடமாக வெளியே நின்று பார்த்திருக்கிறான். அந்த நிற்பை வீட்டுக் கண்ணாடி முன் எத்தனையோ தடவை பழகியும் இருக்கிறான். நாடகம் எப்படிப் போனால் என்ன, அதையாவது செய்துவிடுவோம் என்று எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் வாசலில், மலர் வளையத்துக்குப் பக்கத்தில், கறுப்புச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

முதலில் வந்தவள் இரண்டாவது வரிசை அம்மாள். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தான்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு மறுபடியும் வாங்க."

அம்மாள் கையை உருவிக்கொண்டாள். சூடான சட்டியைத் தொட்டவள் மாதிரி உருவினாள். சேட்டோ கவனிக்கவில்லை. அடுத்தவர் கை, நன்றி. அதற்கடுத்து டாக்டர் எர்மோஹெனெஸ். அவரை வெறுமனே அனுப்ப முடியுமா? தோளில் கை போட்டு, தெருக்கதவு வரைக்கும் கூடவே நடந்துபோய், "உங்களை மாதிரி ஆளுங்க வந்தது பெரிய பாக்கியம் சார், ரொம்ப ரொம்ப நன்றி, சீக்கிரமே மறுபடியும் வரணும்" என்று வழியனுப்பிவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து அடுத்த கையைப் பிடித்தான்.

சாவு வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. வந்தவரை வாசல்வரை கொண்டுவிடுவதில்லை. மறுபடியும் வா என்று வாய்தவறியும் சொல்வதில்லை. பெட்டியில் கிடப்பவர் அதைக் கேட்டுக்கொண்டு தானும் கூடவே கிளம்பிவிடுவார். அல்லது அழைப்பை ஏற்று, நன்றி வாங்கியவர் வீட்டிலிருந்து அடுத்த ஆள் பெட்டிக்கு வருவார். இதை மரிக்கினாவில் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பேச்சு வருவதற்கு முன்பே தெரியும். சேட்டோவுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவன் சாவு வீட்டில் இல்லை, தன் நாடகத்தின் முதல் காட்சியில் இருந்தான்.

பதினோராவது கையைத் தேடியபோது கை கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான். கூடத்தில் சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. சீட்டுக்கட்டு தரையில் கிடந்தது. மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடமாக அவன் கனவில் கண்டுவந்த முகங்கள் அவை. ஒவ்வொரு முகத்திலும் அந்த வெளுப்பு, பச்சையும் சாம்பலும் கலந்து அவன் எத்தனையோ தடவை தீட்டிப் பார்த்தும் பிடிபடாத அந்த வெளுப்பு, தானாகவே வந்திருந்தது.

"டேய்" என்று காப்பி மேஜையிலிருந்து பெத்தாங் கத்தினாள். "என்னடா சொன்ன? எத்தனை பேருக்குடா சொன்ன?"

அவன் நின்ற வாசலைத் தாண்டிப் போக ஒருவரும் தயாராக இல்லை. பிணங்களைக் கழுவி மருந்தேற்றுகிற பின்னறை வழியாக, அங்கே மேஜைமேல் என்ன இருந்தது என்றுகூடப் பார்க்காமல், இருபத்தைந்து முப்பது பேர் வரிசையாக வெளியேறினார்கள். டெலாய் விதவைக் கோலத்திலேயே ஓடினாள். பாண்டோய்தான் எல்லோருக்கும் முன்னால் போனார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. துக்கத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போகக்கூடாது; எங்காவது நின்று, கூட வந்ததை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். தெருமுனைக் கஞ்சிக்கடையில் இடம் போதாமல் ஆட்கள் நடைபாதையில் நின்று கஞ்சி குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குக் கஞ்சி தீர்ந்துபோனது இதுவே முதல் தடவை என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

சேட்டோ மன்னிப்புக் கேட்கத்தான் அங்கே போனான். போனதும் ஆட்கள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவனுக்கு இடம் விட அல்ல. மூலையில் டாக்டர் எர்மோஹெனெஸ். முன்னால் மூன்று காலிக் கிண்ணம், நாலாவதைக் கரண்டியால் சும்மா கலக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றார். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"சார், அது வந்து..."

"பேசாதீங்க. நான் பயத்தைப் பத்தி முப்பது வருஷமா எழுதறேன். முதல் தடவையா இப்பதான் படறேன்." தண்ணீர் குடித்தார். குடிக்கக் குடிக்கக் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "அந்தக் கடைசிக் காட்சி. ஆசிரியனே வாசல்ல நின்னு மரணத்தின் விருந்தோம்பலை நிகழ்த்தறது. மேடைக்கும் வாழ்வுக்கும் இருந்த எல்லையை அழிச்சிட்டீங்க. விழாவோட தொடக்க நாடகம் இதுதான். பெரிய அரங்கு. நானூறு இருக்கை, பன்னிரண்டு காட்சி."

பெத்தாங் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள், அவளுக்கும் கேட்டது. சேட்டோ எழுந்தான், உட்கார்ந்தான். "மூணு அங்கத்தையும் இன்னும் கூர்மையாக்கித் தர்றேன் சார். குஞ்சுக்கு ஒரு நூல் கட்டி..."

"மூணு அங்கத்தையும் கால் மணிநேரமாச் சுருக்கிடுங்க. அது ஒண்ணும் இல்ல. கடைசிக் காட்சி மட்டும் ஒரு மயிரிழை மாறக்கூடாது. நீங்க நிக்கணும். ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு நன்றி சொல்லணும். வெளிக்கதவு வரைக்கும் கொண்டுவிடணும்."

"நானா?"

"பின்ன?"

சேட்டோ மனதுக்குள் கணக்குப் போட்டான். நானூறு, பன்னிரண்டு. நாலாயிரத்து எண்ணூறு நன்றி. கடைக்குள் காற்று இல்லை, ஆனாலும் அவனுக்குப் பின்கழுத்து சில்லிட்டது.

"ஒரு நடிகனைப் போட்டுக்கலாமா சார்? என்னை மாதிரியே இருக்கற ஆள்."

"நடிகன் சொன்னா அது வசனம். ஆசிரியன் சொன்னாத்தான் அழைப்பு."

"கையைப் பிடிச்சுக்கறேன். நன்றியை மட்டும் விட்டுடலாமா?"

"நன்றிதான் நாடகம்."

"பெட்டியை அப்புறப்படுத்திட்டு அப்புறமா..."

டாக்டர் கரண்டியை வைத்தார். "நீங்க திகில் கலைஞர்தான? இதையெல்லாம் நம்பறீங்களா என்ன?"

"நம்பல சார்."

"அப்ப என்ன?"

"நம்பல. இன்னிக்கு வாய்தவறி வந்தது. தெரிஞ்சே தினம் சொல்றது வேற இல்லையா?" சேட்டோ அவருடைய நாலாவது கிண்ணத்தைப் பார்த்தான். "நீங்களும் நம்பலதான சார். வீட்டுக்குப் போகாம ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"கஞ்சி நல்லாருக்கு" என்றார் டாக்டர். கிண்ணம் நிறையவே இருந்தது. அடுத்த நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "அழைப்பிதழ் ஆறு மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சொல்லுங்க."

சேட்டோ வெளியே வந்தான். கஞ்சிக்கடையைச் சுற்றினான். மாதா கோயிலைச் சுற்றினான். ஆற்றங்கரைவரை போய், தண்ணீரைப் பார்க்காமலே திரும்பினான். அவனுக்கு இணையாக நடக்க முடியாமல் பெத்தாங் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"இருபது வருஷமா இதுக்குத்தானடா தவிச்ச? பன்னெண்டு நாள். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டு வந்துடு."

"நீ வந்து நில்லு. ஆசிரியரோட அக்கான்னு நோட்டீஸ்ல போட்டுக்கறேன்."

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப எனக்கு மட்டும்?"

கஞ்சிக்கடைத் தெருவுக்குத் திரும்பும்போது சேட்டோ மறுபடி ஆரம்பித்தான்.

"அந்த அம்மா முகத்தைப் பாத்தியாக்கா? முதல்ல கையைக் குடுத்தாளே, அந்த அம்மா."

"பாத்தேன்."

"அதுதான் நான் வரைய நினைச்சது. அச்சு அசல் அதுதான்." அவன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நல்லாவே இல்ல அது."

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைக்குத் திரும்பிப் போய், முடியாது சார் என்றான். டாக்டர் எர்மோஹெனெஸ் நீண்ட பெருமூச்சு விட்டார். ஏமாற்றமா நிம்மதியா என்று சேட்டோவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு, உன்னதக் கலைக்கான துணிவு இந்தத் தேசத்தில் இன்னும் பிறக்கவில்லை என்று கடை முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தார். பிறகு இன்னும் ஒரு கிண்ணம் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றார்கள். அப்படியானால் பக்கத்தில் வேறு ஏதாவது கடை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேட்டோ வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேமோங் முன்னால் வந்து நின்றான். முதல் கேஸ், மாரடைப்பில் போன ஒரு தபால்காரர். இரண்டு மணிநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து வேலை பார்த்தான். வேலை அவனுக்குப் பிடித்திருந்தது.